எங்கே தேடினீர்கள்?

கடல் எங்களைக் கொல்லும். குமரி மாவட்டத்துத் தூத்தூர் கரையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் தாத்தாவைக் கடல் கொண்டுபோனது. தாய்மாமன் ஒருவரைக் கொண்டுபோனது. அழுதோம், முப்பதாம் நாள் பூசை வைத்தோம், அதற்குப் பிறகும் எங்கள் ஆள்கள் கடலுக்குப் போனார்கள். கடல்மேல் எங்களுக்குப் பகை கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 30-ம் தேதி மைக் முன்னால் நின்றுகொண்டு "இயற்கையின் சீற்றத்தால் உயிரிழந்த மீனவச் சகோதரர்கள்" என்று பேசத் தொடங்குகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இத்தனை காலமாக நெஞ்சுக்குள் அடக்கி வைத்திருந்தேன். இனி அடக்க முடியவில்லை. கேட்டுவிடுகிறேன்.

என் வீட்டுக்காரரைக் கொன்றது காற்று என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஒக்கிப் புயல் அடித்து ஓய்ந்த பிறகும் அவர் உயிரோடு இருந்தார். காற்று போய், மழை போய், கடல் பழையபடி நீலமாகக் கிடந்தபோதும் உயிரோடு இருந்தார். கவிழ்ந்த படகின் அடிப்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று காத்துக்கொண்டு இருந்தார். இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் கிடந்து பிழைத்து வந்த என் கொழுந்தன் சொன்னது. "மைனி, அண்ணன் காத்துல போகல" என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இத்தனை வருடமும் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. காற்றில் போயிருந்தால் நான் ஆண்டவரிடம் சண்டை போட்டிருப்பேன். காற்றில் போகவில்லையே. அப்படியென்றால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

2017 நவம்பர் பாதியில் கொச்சியிலிருந்து போன படகு அது. தங்குகடல். போனால் மூன்று வாரம், நாலு வாரம். ஐஸ், டீசல், அரிசி, குடிதண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு, சூரைக்கும் சுறாவுக்கும் லட்சத்தீவு தாண்டியும் போவார்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி... எங்கள் கரை முழுக்க இதுதான் தொழில். இந்த நாட்டில் ஆழ்கடலுக்குப் போய் இப்படி வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் எங்கள் ஆள்கள் என்று நீங்களே மேடையில் பெருமையாகச் சொல்வீர்கள். மீன் ஏற்றுமதியில் வருகிற அந்நியச் செலாவணியைப் பற்றிப் பேசும்போது எங்கள் நினைவு வரும். அப்படிப் போன படகில் பத்துப் பேர். என் வீட்டுக்காரர் ஸ்ராங்கு, படகை ஓட்டுகிறவர். அவர் தம்பி கூட. ஊர்ப் பிள்ளைகள் சிலர். வடக்கே இருந்து வேலைக்கு வந்த இரண்டு பையன்கள். அந்தப் பையன்களின் அம்மாக்கள் எந்த ஊரில் எந்த வீட்டு வாசலில் நின்று அழுதார்களோ! அவர்களைத் தேடி யார் போனார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி அந்த எச்சரிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் எப்போது கேட்டாலும் "முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தோம், மீனவர்கள் கேட்கவில்லை" என்று பழியை எங்கள் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நவம்பர் 29-ம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம் உருவானது. அன்றைக்கு வந்த அறிவிப்பு என்ன? மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். நன்றாக யோசித்துப் பாருங்கள். கடலுக்குச் செல்ல வேண்டாம் என்பது யாருக்கு? கரையில் நிற்கிறவனுக்கு. இரண்டு வாரத்துக்கு முன்னால் போய், கொச்சிக்கும் மினிக்காய்க்கும் நடுவில் தூண்டில் இழுத்துக்கொண்டிருக்கிறவனுக்கு அந்த அறிவிப்பில் என்ன இருக்கிறது? அவன் காதுக்கு அது எந்த வழியாகப் போய்ச் சேரும்? அவன் கையில் இருந்தது ஒரு வயர்லெஸ். பக்கத்துப் படகோடு பேசலாம். கரை அதற்கு எட்டாது. செல்போன் கரையை விட்டுக் கொஞ்சம் போனதுமே செத்துவிடும். புயல் என்ற சொல்லே 30-ம் தேதி நண்பகல் வாக்கில்தான் வெளியே வந்தது. அதற்குள் குமரி மாவட்டத்தில் மரம் விழுந்து, மின்கம்பம் சாய்ந்து, எங்கள் ஊர் இருண்டு போயிருந்தது. அடித்துக்கொண்டிருக்கிற காற்றுக்குப் பெயர் சொல்வதா எச்சரிக்கை?

2004-ல் சுனாமி வந்தது. குளச்சல், மணக்குடி, கொட்டில்பாடு என்று எங்கள் மாவட்டத்துக் கரை பிணக்காடானது. அதற்குப் பிறகு சட்டம் போட்டார்கள். 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம். டெல்லியில் ஆணையம், மாநிலத்தில் ஆணையம், மாவட்டத்தில் ஆணையம். ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம். பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு புயல் வருகிறது. கடலில் இப்போது எத்தனை படகு இருக்கிறது, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற ஒரு கணக்கு உங்கள் கையில் இல்லை. அந்தக் கணக்கை யார் எடுத்தார்கள் தெரியுமா? எங்கள் பங்குத்தந்தையர்களும் ஊர்ப் பையன்களும். கரண்ட் இல்லாத ஊரில் டார்ச் லைட் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து, "உங்க வீட்ல யாரு போயிருக்கா, எந்தப் படகு, என்னைக்குப் போனாங்க" என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். அந்தப் பட்டியலை நீங்கள் நம்பவில்லை. நீங்கள் சொன்ன எண்ணிக்கை ஒரு நாளைக்கு ஒன்றாக மாறியது. நாங்கள் பெயரோடு சொன்னோம், நீங்கள் எண்ணாகச் சொன்னீர்கள், அந்த எண்ணும் உங்களுக்குச் சரியாக வரவில்லை.

படகு கவிழ்ந்தது இரவில் என்று கொழுந்தன் சொன்னான். தலைகுப்புறக் கவிழ்ந்து, உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே போய்விட்டார்கள். வெளியே விழுந்தவர்கள் நீந்தி வந்து அடிப்பாகத்தில் ஏறினார்கள். கயிற்றை எடுத்து ஒருவரை ஒருவர் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். விடிந்தபோது கொஞ்சம் பேர் இருந்தார்கள். மறுநாள் விடிந்தபோது இன்னும் குறைந்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் ஊறித் தோல் உரிந்து, வெயிலில் வெந்து, சுற்றிலும் தண்ணீர் இருக்க நாக்கு ஒட்டிப்போய்க் கிடந்திருக்கிறார்கள். வடக்குப் பையன் ஒருவன் கடல்தண்ணீரைக் குடித்துவிட்டான். இவர் வேண்டாம் மக்களே, வேண்டாம் மக்களே என்று கத்தியிருக்கிறார். அவனுக்குத் தமிழ் தெரியாது.

ஒரு விமானம் போயிருக்கிறது. வெகு உயரத்தில், வெகு தூரத்தில். சட்டையைக் கழற்றி வீசியிருக்கிறார்கள். அது போய்விட்டது. அப்போதும் இவர் தம்பியிடம் என்ன சொன்னார் தெரியுமா? "இப்ப ஊர்ல நம்ம பேரக் குடுத்திருப்பாங்கலே. கப்பல் வரும். கைய மட்டும் விட்டுராத."

பேரைக் கொடுத்திருந்தோம். அவர் நினைத்தது சரிதான். நாங்கள் கொடுத்துவிட்டுத்தான் வெளியே நின்றோம்.

அந்த நாளில் நான் எங்கே இருந்தேன் என்றால், ஒரு அலுவலகத்தின் வராந்தாவில். அந்த அலுவலகத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அங்கே இருந்த ஒரு அதிகாரியின் குற்றமாக அது சுருங்கிவிடும். எங்கள் படகோடு கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசிய பக்கத்துப் படகு எப்படியோ தப்பித்து ஒரு கரையில் ஏறியிருந்தது. அந்தப் படகுக்காரர்கள் ஜிபிஎஸ் பார்த்துக் கடைசியாகப் பேசிய இடத்தைச் சொன்னார்கள். வடக்கு இத்தனை, கிழக்கு இத்தனை என்று. ஊர்ப் பையன் ஒருவன் அதை என் மகனின் பள்ளி நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தான். நான் அந்தத் தாளைக் கொண்டுபோய் அங்கே கொடுத்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பார்த்தார். "ஏம்மா, இது கேரளா ரிஜிஸ்ட்ரேஷன் படகும்மா. அங்கதான் நீங்க சொல்லணும்" என்றார். கேரளத்துப் பக்கம் எங்கள் ஆள்கள் போய்க் கேட்டபோது, "ஆள் தமிழ்நாட்டுக்காரர், உங்க கலெக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார்கள். படகு ஒரு மாநிலம், ஆள் ஒரு மாநிலம். நடுக்கடலில் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவன் எந்த மாநிலத்தைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அவருக்குச் சொல்லி அனுப்பியிருப்பேனே!

கெஞ்சினேன். காலில் விழுந்தேன். கடைசியில் அந்தத் தாளை வாங்கினார். மடித்தார். ஒரு கோப்புக்குள் வைத்தார். "மேல அனுப்பிடுறோம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க."

அன்றைக்கு அவர் உயிரோடு இருந்தார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். கொழுந்தன் சொன்ன நாளையும் நான் அந்தத் தாளைக் கொடுத்த நாளையும் எத்தனையோ இரவுகள் விரல் மடக்கிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கும் உயிரோடு இருந்தார், அதற்கு அடுத்த பகலிலும் இருந்தார். தொலைக்காட்சியில் மீட்புப் பணி முழுவீச்சில் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இருந்தார். அடுத்த இரவில்தான் கை நழுவியது. அதற்குப் பிறகு வந்த ஒரு சரக்குக் கப்பல்காரர்கள் கொழுந்தனையும் இன்னொருவரையும் தூக்கிவிட்டார்கள். தேடி வந்த கப்பல் இல்லை அது. தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். தேடாத கப்பலின் கண்ணில் பட்டவர்கள், தேடிய கப்பல்களின் கண்ணில் ஏன் படவில்லை?

யாரையுமே மீட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? கடற்படைக் கப்பல் வந்தது, ஹெலிகாப்டர் வந்தது, கயிறு இறக்கித் தூக்கிய பிள்ளைகள் எங்கள் கரையிலேயே இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்கள் இன்றும் அந்த வீரர்களுக்காகச் செபம் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். தேடுவதற்கு யார் எந்த எல்லை போட்டது என்பதுதான் என் கேள்வி. கப்பலில் வழிகாட்டப் போன எங்கள் ஆள்கள் வந்து சொன்னது ஒன்றுதான்: "அம்பது அறுபது கடல் மைலுக்கு மேல போக மாட்டேன்னுட்டாங்க. இன்னும் தள்ளிப் போங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டோம். மேல இருந்து உத்தரவு இல்லன்னாங்க." இல்லை, நாங்கள் அதற்கும் வெகுதூரம் தாண்டிப் போய்த் தேடினோம் என்று நீங்கள் சொன்னீர்கள். யார் சொல்வது உண்மை? கொச்சியிலிருந்து மினிக்காய் நானூறு கிலோமீட்டருக்குக் கிட்டே. அறுபது கடல் மைல் என்றால் அதில் நூற்றுப் பத்து கிலோமீட்டர். மீதித் தூரத்தில் கிடந்தவர்கள் யாருடைய குடிமக்கள்?

கடைசியில் எங்கள் ஆள்களே போனார்கள். புயலில் தப்பித்து வந்த படகில் சொந்தக் காசுக்கு டீசல் போட்டுக்கொண்டு, தம்பியைத் தேடி அண்ணனும் மகனைத் தேடி அப்பனும் போனார்கள். பிழைத்தவர்களோடு வந்த படகும் உண்டு, பிணத்தோடு வந்த படகும் உண்டு. அரசாங்கம் என்று ஒன்று இருக்கும்போது, செத்தவனைத் தேட அவன் தம்பி கடன் வாங்கி டீசல் அடிக்க வேண்டுமா?

டிசம்பர் 7-ம் தேதி நாங்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போனோம். கடலில் தொழில் செய்கிறவர்களின் பெண்கள் தண்டவாளத்தில் போய் உட்கார என்ன காரணம் என்று யோசித்தீர்களா? கடலில் எங்கள் ஆள்கள் கத்தியது உங்களுக்குக் கேட்கவில்லை. கரையில் நாங்கள் கத்தியதும் கேட்கவில்லை. ரயில் நின்றால்தான் கேட்கும் என்று தோன்றியது. ஆயிரக்கணக்கான பேர். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள், கம்பு ஊன்றி நடந்து வந்த பாட்டிகள். வெயிலில் ஜல்லிக்கல்மேல் இரவு வரைக்கும் இருந்தோம். முதலில் நாங்கள் கேட்டது முதலமைச்சர் வந்து எங்களைப் பார்க்க வேண்டும் என்பதும், இன்னும் தள்ளிப் போய்த் தேட வேண்டும் என்பதும்தான்.  பணத்துக்காக அன்றைக்கு நான் அங்கே உட்காரவில்லை, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன செய்தீர்கள்? எங்கள் மேலேயே வழக்குப் போட்டீர்கள். புருஷனைக் காணவில்லை என்று உட்கார்ந்தவள் குற்றவாளி. அவனைத் தேடாதவர்கள் பேரில் ஒரு வழக்காவது உண்டா? ஒரு ஆளாவது பதில் சொன்னாரா? ஒரு நாற்காலியாவது ஆட்டம் கண்டதா?

12-ம் தேதி முதலமைச்சர் வந்தார். 19-ம் தேதி பிரதமர் வந்தார். அந்த மாதம் சென்னையில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 21-ம் தேதி வாக்குப்பதிவு. எந்தச் சேனலைத் திருப்பினாலும் அதுதான். ஒரு தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று நாடே கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கரையில் அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒரு வீட்டிலும் கட்டவில்லை. குடில் வைக்கவில்லை. நள்ளிரவுப் பூசையில் சாமியாரால் பிரசங்கம் பண்ண முடியவில்லை. கீழே இருந்தவர்கள் எல்லாம் ஓவென்று அழுதால் அவர் எதைப் பேசுவார்?

பிறகு உடல்கள் வந்தன. கேரளத்து ஆஸ்பத்திரிப் பிணவறைகளுக்கு எங்கள் பெண்களும் அப்பன்மார்களும் நடையாய் நடந்தார்கள். முகம் இருக்காது. நாள்கணக்கில் கடலில் கிடந்த உடம்பில் எதைப் பார்த்து அடையாளம் சொல்வது? சட்டைப் பித்தான், இடுப்புக் கயிறு, கழுத்தில் கிடக்கும் உத்தரியம், விரலில் மோதிரம்... அதைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். பிறகு டிஎன்ஏ என்று பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்தார்கள். என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. "அப்பாவுக்கு ரத்தம் குடுக்கப் போறோமாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிக் கூட்டிப் போனேன். எந்த உடம்போடும் அவன் ரத்தம் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்று சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். அப்படியென்றால் எங்கோ ஒரு தீவில், எங்கோ ஒரு நாட்டில் இருக்கிறார் என்று மனது பிடித்துக்கொண்டது. ஓமானில் யாரோ கரையேறியதாகச் சொல்வார்கள், மாலத்தீவு ஜெயிலில் இருப்பதாகச் சொல்வார்கள். ஒவ்வொரு பேச்சையும் நம்பினோம். உடல் கிடைக்காத வீட்டில் சாவு முடிவதே இல்லை. நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாள். எல்லோரும் மெழுகுதிரியும் பூவும் கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். நாங்கள் எங்கே கொண்டுபோய் ஏற்றுவது? என் மாமியார் சாகும்வரை கடற்கரை மணலில் குழி பறித்து அதற்குள் ஏற்றி வைத்தாள். காற்று அணைக்கும், மறுபடி ஏற்றுவாள்.

இதற்கு நடுவில் சட்டம் ஒன்று வந்து நின்றது. ஆள் காணாமல்போய் ஏழு வருடம் ஆனால்தான் இறந்தவராகக் கொள்ள முடியும் என்றார்கள். அப்போதைய சாட்சியச் சட்டம், 108-வது பிரிவு. அதுவரை இறப்புச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் ரேஷன் கார்டில் பெயர் நீக்க முடியாது, வங்கிக் கணக்கைத் தொட முடியாது, விதவை உதவித்தொகைக்கு எழுத முடியாது. தேடும்போது செத்திருப்பார்கள் என்று நிறுத்தியவர்கள், சான்றிதழ் கேட்டபோது செத்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். கத்திக் கத்தித்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். தளர்த்தியபோது ஒரு அலுவலகத்தில் என்னிடம் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒருவேளை என் கணவர் உயிரோடு திரும்பி வந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டிவிடுகிறேன் என்று அதில் இருந்தது. படித்துக் காட்டினார்கள். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் வரட்டும். வரட்டும் ஐயா. என் வீட்டை விற்றுக் கட்டுகிறேன், தாலியை விற்றுக் கட்டுகிறேன், பிச்சை எடுத்துக் கட்டுகிறேன். அவர் வந்து நிற்கட்டும்!

இருபது லட்சம் கொடுத்தார்கள். அதை மறைக்கவில்லை. அதை வாங்கிய நாளிலிருந்து எனக்கு இருந்த பெயர் போய்விட்டது. சந்தையில், பேருந்தில், உள்நாட்டுக்காரர்கள் மத்தியில் நான் "இருபது லட்சம் வாங்கினவ". உங்களுக்குத்தான் கிடைச்சுதே, இன்னும் என்ன என்று கேட்கிறார்கள். இன்னும் என்னவா? படகில் அவருக்குப் பங்கு இருந்தது, அந்தக் கடன் இருந்தது, வட்டி இருந்தது. பணம் வந்த வழியிலேயே பாதி போனது. போனால் போகட்டும். பணத்தைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. கொலை செய்தவன் சாவு வீட்டுக்குச் செலவுப் பணம் கொடுத்தால் கேள்வி முடிந்துவிடுமா? அந்தப் பணத்தை வாங்கியதால் நான் வாயை மூட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

அடுத்த வருடம் ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தது. பூந்துறை, விழிஞ்ஞம் என்று ஒக்கியில் அண்ணன் தம்பியைப் பறிகொடுத்த அதே கரைகளிலிருந்து பிள்ளைகள் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு, கடலே தெரியாத ஊர்களுக்குப் போனார்கள். கூரைமேல் நின்றவர்களை ஆயிரம் ஆயிரமாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் யாரிடம் உத்தரவு கேட்டார்கள்? இத்தனை கிலோமீட்டருக்கு மேல் வர மாட்டோம் என்று சொன்னார்களா? இது எந்த மாவட்டத்து ஆள், எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்த்துவிட்டா கை கொடுத்தார்கள்? நாடே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது. வயிறு எரிந்தது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் எங்களுக்கு இப்படி யாரும் புறப்பட்டு வரவில்லையே!

இப்போது கருவிகள் வந்திருக்கின்றன. செயற்கைக்கோள் வழியாகக் கடலில் எச்சரிக்கை வாங்குகிற கருவி 2019-ல் வந்தது. அதில் செய்தி வரும், நாம் கூப்பிட்டால் கேட்காது. பிறகு, ஆபத்து என்றால் பொத்தானை அழுத்திக் கரைக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளில் வைக்கிறார்கள். நல்லது. மனதாரச் சொல்கிறேன், நல்லது. அன்றைக்கு இருந்திருந்தால் எத்தனையோ பேர் கரை சேர்ந்திருப்பார்கள். ஆனால் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கும்? யார் வருவார்கள்? எவ்வளவு நேரத்தில்? எவ்வளவு தூரம்? எங்கள் கரையில் ஹெலிகாப்டர் தளம் வேண்டும், ஆழ்கடல் வரை போகிற மீட்புக் கப்பல் இங்கேயே நிற்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எங்கள் தொண்டை வற்றிவிட்டது. பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர் எந்த இடத்தில் கிடந்தார் என்பது அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது. வடக்கு இத்தனை, கிழக்கு இத்தனை என்று தாளில் எழுதி உங்கள் கையில் கொடுத்தேனே. இடம் தெரியாததாலா அவர் செத்தார்?

என் மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. படிக்க வைத்தேன். வேண்டாம் மக்களே, கடல் வேண்டாம் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். போன மாதம் அவனும் தங்குகடலுக்குப் போய்விட்டான். அவன் அப்பா போன அதே கொச்சித் துறையிலிருந்து, அதே கடலுக்கு. எங்கள் கரையில் பிறந்த பையனுக்கு வேறு எந்தக் கதவை நீங்கள் திறந்து வைத்திருக்கிறீர்கள்?

அதனால்தான் இப்போது கேட்கிறேன். அனுதாபம் வேண்டாம், மலர்வளையம் வேண்டாம், நினைவுத்தூண் வேண்டாம். 2017 நவம்பர் 30-லிருந்து தேடுதலை நிறுத்திய நாள் வரைக்கும் எந்தெந்தக் கப்பல் எந்தெந்த இடத்தில் நின்றது, எந்த விமானம் எந்தப் பாதையில் பறந்தது, யார் எந்த உத்தரவு போட்டார் என்று உங்களிடம் குறிப்பேடு இருக்கும். கப்பல் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் எழுதி வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், நான் ஒரு ஸ்ராங்கின் பெண்டாட்டி. அதை வெளியே வையுங்கள். இரண்டு மாநிலத்திலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளில் பெண்கள் அதைப் படிக்கக் காத்திருக்கிறோம். நான் கொடுத்த அந்த எண்களை நான் மறக்கவில்லை. நீங்கள் தேடிய இடங்களின் பட்டியலில் அந்த இடம் இருக்கிறதா என்று நானே விரல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இருந்தால், போனார்கள், பார்த்தார்கள், கிடைக்கவில்லை என்று என் மகனிடம் சொல்கிறேன். இல்லையென்றால், அந்த மேசையிலிருந்து அந்தத் தாள் எங்கே போனது என்று நீங்கள் வந்து அவனிடம் சொல்லுங்கள்.